பாய்மர வத்தைக்கு மின்மோட்டார் வைக்கலாமா? எடை குறைந்த பேட்டரி எது சரிவரும்?

வத்தைக்காரர் மகன் (திருப்பாலைக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவிடம் 19 அடி மர வத்தை (சிறு பாய்மரப் படகு) ஒன்று இருக்கிறது. ஒற்றைப் பாய், இரண்டு பேர் போவார்கள், நண்டு வலைதான் தொழில். அப்பாவுக்கு 63 வயது. விடியற்காலையில் கரைக்காற்றைப் பிடித்துப் பாய் விரித்துப் போய்விடுகிறார், அதில் ஒரு சிரமமும் இல்லை. திரும்பி வருவதுதான் பாடு. பங்குனி, சித்திரையில் எட்டு எட்டரைக்கெல்லாம் காற்று அடங்கிவிடுகிறது, கடல் குளம் மாதிரி கிடக்கிறது, மறுபடி காற்று எடுக்கப் பதினொரு மணி ஆகிறது. அந்த இடைவெளியில் நாலு கிலோமீட்டர் துடுப்புப் போட்டு வரவேண்டும், கரை நெருங்கியதும் கழி ஊன்ற வேண்டும். நண்டு வெயிலில் கிடந்து செத்தால் கம்பெனிக்காரர் பாதி விலைகூடத் தருவதில்லை. போன வருடம் அப்பா ஒருநாள் கரைக்கு வந்ததும் மணலிலேயே படுத்துவிட்டார், அன்றைக்கு நான் பயந்துவிட்டேன்.

ஒரு பழைய 5 ஹெச்பி பெட்ரோல் அவுட்போர்டு வாங்கி மாட்டிப் பார்த்தோம். இருபத்தைந்து கிலோவுக்கு மேல் எடை, பின்னால் அமிழ்ந்து அணியம் மேலே தூக்கிக்கொண்டது, பாயில் போகும்போது வத்தை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அப்பா இளவயதில் பாய்மரப் போட்டிகளில், படகு சாயாமல் இருக்க வெளியே நீட்டிய பலகையில் நின்று ஓட்டியவர். வத்தையைக் கெடுக்கிறாய் என்று ஒரே சத்தம், விற்றுவிட்டோம்.

இப்போது கரண்ட் மோட்டார் பற்றி யோசிக்கிறேன். என் கேள்விகள் இவை. எத்தனை வாட் மோட்டார் போதும்? வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் ஈய பேட்டரி இருக்கிறது, அதையே தூக்கிவைத்தால் ஆகாதா, இல்லை லித்தியம்தான் வாங்க வேண்டுமா? வத்தையின் பின்பக்கம் கூராக இருப்பதால் மோட்டாரை எங்கே மாட்டுவது? உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும்? பாயை எடுக்கும் எண்ணம் இல்லை, காற்று இல்லாத நேரத்துக்கு மட்டும்தான் கேட்கிறேன்.

தொண்டிக் கரை

தம்பி, உங்கள் அப்பா படும் பாட்டை நான் பத்து வருடம் பட்டிருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். இரண்டு வருடமாக என் 18 அடி வள்ளத்தில் மின்மோட்டார்தான்.

முதலில் ஏரிகளில் தூண்டில் போடுபவர்கள் வைக்கும் 12 வோல்ட் மோட்டார் ஒன்று வாங்கினேன், 55 பவுண்டு தள்ளுவிசை என்று போட்டிருக்கும் ரகம். முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும், அதாவது 600 வாட். காற்றில்லாத கடலில் நன்றாகவே போனது. ஆனால் அது நல்ல தண்ணீருக்குச் செய்தது, ஏழாவது மாதமே உள்ளே உப்பேறிச் சீல் போய்விட்டது. கடலுக்கென்றே செய்த ரகம் தனியாக இருக்கிறது, வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும். துத்தநாகமோ அலுமினியமோ ஒரு சிறு கட்டி புரொப்பல்லர் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள், உப்பு முதலில் அதைத் தின்னும், மோட்டார் தப்பிக்கும். கட்டி பாதியாகக் கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

இப்போது வைத்திருப்பது 1 கிலோவாட். அளந்து பார்த்த கணக்கைச் சொல்கிறேன். இரண்டு பேர், வலை, ஐஸ் பெட்டியோடு 400 வாட்டில் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறது. முழுசாக 1000 வாட் திருகினால் 7-ஐத் தொடுவதில்லை. 200 வாட்டுக்குக் குறைத்தால் அப்போதும் 4 கிலோமீட்டர் போகிறது! இதை மனதில் நன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள். வேகத்தைக் கொஞ்சம் கூட்டக் கரண்ட் பல மடங்கு போகும், கொஞ்சம் குறைத்தால் பேட்டரி வெகு நேரம் வரும். பெட்ரோல் என்ஜின் ஓட்டிப் பழகிய கை எப்போதும் கடைசி வரை திருகத்தான் பார்க்கும், என் கை மாறவே ஒரு மாதம் ஆனது.

மாட்டும் இடம்: பின்பக்கம் கூர் என்றால் சுக்கானுக்குச் சற்று முன்னால், பக்கவாட்டில், தேக்குப் பலகையில் ஒரு பிராக்கெட். படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்து ஒரு நேரம் புரொப்பல்லர் ஆழமாகப் போகும், ஒரு நேரம் மேலே வந்து காற்றைக் குடித்து வீணாகச் சுற்றும். உங்களுக்குக் காற்றில்லாதபோதுதான் வேண்டும் என்பதால் இது பெரிய இடைஞ்சல் இல்லை. பாய் விரித்ததும் மோட்டாரைத் தூக்கி மடக்கிவிட வேண்டும், தண்ணீரில் தொங்கவிட்டால் இழுவை வரும், உங்கள் அப்பா உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு பழக்கம் எனக்குத் தற்செயலாக வந்தது. லேசான காற்று இருந்தால் பாயை இறக்காமலே 100, 150 வாட் மட்டும் கொடுத்துப் பாருங்கள். படகு நகர நகர, முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ வரும் காற்று பாயில் கூடுதலாகப் படும், சோர்ந்து கிடந்த பாய் பிடித்துக்கொள்ளும். காற்று நேர் பின்னால் இருந்தால் மட்டும் இது வேலைக்கு ஆகாது.

அப்புறம் தாழை, அதாவது கடற்புல். நம் பக்கம் ஆழம் குறைவு, கடற்புல் அடர்த்தி, அறுந்த புல் மேலே மிதக்கும், புரொப்பல்லரில் தலைமுடி மாதிரிச் சுற்றிக்கொள்ளும். சத்தமில்லாத மோட்டார் என்பதால் சுற்றியது காதுக்குத் தெரியாது. மீட்டரில் ஆம்பியர் ஏறுவதும் வேகம் குறைவதும்தான் அடையாளம். உடனே நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் கையை வைக்க வேண்டும். இணைப்பு இருக்கும்போது புல் எடுக்கப் போய் என் அண்ணன் மகனுக்கு விரல் நுனி கிழிந்தது. இதை உங்கள் அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

பரமக்குடி வைண்டிங்

மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன், கடல் தெரியாது, கரண்ட் தெரியும். பேட்டரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஹெச்பி கணக்கை விட்டுவிட்டு வாட்-அவர் கணக்கைப் பிடியுங்கள், அதாவது எத்தனை வாட் எத்தனை மணி நேரம் என்று. உங்கள் வீட்டு டியூபுலர் 150 ஏஹெச், 12 வோல்ட், பெருக்கினால் 1800 வாட்-அவர். இது காகிதக் கணக்கு. அந்த 150 என்பது இருபது மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பியரில் எடுத்தால் கிடைப்பது. மோட்டாருக்கு 40, 50 என்று இழுத்தால் அவ்வளவு தராது. அதோடு பாதிக்குக் கீழே தினமும் இறக்கினால் ஆயுள் சீக்கிரம் முடியும். ஆக 55 கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு போய்ச் சுமார் 800 வாட்-அவர்தான் நம்பி எடுக்கலாம். அதே இடத்தில் லித்தியம் இரும்பு பாஸ்பேட், எல்எஃப்பி என்று சொல்வது, 1280 வாட்-அவர் கொண்டது 12, 13 கிலோதான் இருக்கும். அதில் எண்பது சதவீதம் எடுத்தாலும் 1000 வாட்-அவர் கைக்கு வருகிறது, ஓட்டம் தீரும் வரை வோல்டேஜும் பெரிதாக இறங்காது. தொண்டி அண்ணன் சொன்ன 400 வாட்டில் போட்டுப் பாருங்கள்: இரண்டரை மணி நேரம், 12 கிலோமீட்டர். உங்களுக்கு வேண்டியது நாலு.

லித்தியத்திலேயே பல வகை உண்டு. செல்போன், ஸ்கூட்டரில் வரும் சில வகைகள் இன்னும் லேசு, ஆனால் சூடானால் தீப்பிடிக்கும் ஆபத்து கூடுதல். மரப் படகில் அப்பா கடலுக்குப் போகிறார் என்றால் எல்எஃப்பியைத் தவிர வேறு எதையும் நான் வைக்கச் சொல்ல மாட்டேன். இரண்டாயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கலாம்.

12 வோல்ட் வேண்டாம், 24-க்குப் போங்கள். 1 கிலோவாட்டுக்கு 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் ஓடும், 24-இல் 40. எட்டு செல் வரிசையாக, 25.6 வோல்ட் 50 ஏஹெச் என்று கேளுங்கள். ஆம்பியர் பாதியானால் கேபிள் சூடு நாலில் ஒன்றாகக் குறையும். பேட்டரி முன்னால், மோட்டார் பின்னால் என்று மூன்று மீட்டர் தூரம் வந்தால் போகவர ஆறு மீட்டர் செம்பு. வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 40 ஆம்பியர் விட்டால் ஒன்றே முக்கால் வோல்ட் அதிலேயே போய்விடும், ஒயர் கையை வைக்க முடியாதபடி கொதிக்கும். 16 ஸ்கொயர் எம்எம் போட்டால் கால் வோல்ட்தான் இழப்பு. வெள்ளீயம் பூசிய செம்பு கிடைத்தால் நல்லது, சாதாரணச் செம்பு கடற்கரையில் உள்ளுக்குள்ளேயே பச்சை பூத்துவிடும். பேட்டரி பிளஸ் முனையை ஒட்டி 60 ஆம்பியர் ஃபியூஸ், அது இல்லாமல் வத்தையை இறக்கவே கூடாது.

சார்ஜர் 29.2 வோல்ட் எல்எஃப்பி சார்ஜர்தான் வேண்டும். இன்வெர்ட்டரில் மாட்டி ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஒரு கசப்பான அனுபவம். கடைக்கென்று ஒரு லித்தியம் பேக் வெளியூரில் வாங்கினேன், 12 வோல்ட் 100 ஏஹெச் என்று ஸ்டிக்கர். சந்தேகப்பட்டு நாலு 55 வாட் கார் பல்பை எரியவிட்டு நேரம் பார்த்தேன். சுமார் 18 ஆம்பியர் போகும், நிஜமாகவே 100 இருந்தால் ஐந்தரை மணி நேரம் எரிய வேண்டும். மூன்று மணி பத்து நிமிடத்தில் அணைந்துவிட்டது. பழைய செல்லைத் துடைத்துப் புது உறையில் போட்டிருக்கிறார்கள். கரையில் இதைக் கண்டுபிடித்தால் காசு நஷ்டம் மட்டும்தான், கடலில் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். யாரிடம் வாங்கினாலும் இந்தப் பல்பு சோதனையைப் பண்ணிய பிறகுதான் படகில் ஏற்றுங்கள்.

கீழக்கரை மாலுமி

முப்பது வருடம் கப்பலில் இருந்தவன். எல்லோரும் எடை எடை என்கிறீர்கள். நம் பெரியவர்கள் பாரம் இல்லாமல் போகும்போது மணல் மூட்டை போட்டுத்தானே பாய் விரித்தார்கள்? 55 கிலோ டியூபுலரைப் படகின் அடிவயிற்றில், நடுவில், ஆடாமல் கட்டினால் அது பாரமாகவும் ஆயிற்று, பேட்டரியாகவும் ஆயிற்று. பையனிடம் ஏற்கெனவே இருக்கிற பொருள். முதலில் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் லித்தியம் வாங்கட்டும். எடுத்தவுடன் பெரிய செலவு செய்ய வைக்காதீர்கள்.

தொண்டிக் கரை

மாலுமி ஐயா, செலவு பற்றிச் சொன்னது நியாயம்தான். ஆனால் மணல் மூட்டையை வேண்டாதபோது கடலில் கொட்டிவிடலாம், பேட்டரியைக் கொட்ட முடியாது. வத்தையில் பாரத்தைச் சமாளிப்பது பலகையில் ஏறி நிற்கும் ஆள்தான், காற்று மாறினால் ஆளும் மாறி நிற்பான், அதுதான் அந்தப் படகின் அழகே. அடிவயிறு என்கிறீர்கள், மர வத்தையின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஊறித்தான் கிடக்கும். கடல் தண்ணீர் ஈய பேட்டரிக்குள் போனால் குளோரின் வாயு வரும், மூச்சடைக்கும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் விடும், அதனால் மூடிய பெட்டியிலும் வைக்க முடியாது. எல்எஃப்பிக்கு இந்தத் தொல்லை இல்லை.

நான் வைத்திருக்கும் முறை: வாய் அகன்ற நீல பிளாஸ்டிக் டிரம், திருகு மூடியும் ரப்பர் வளையமும் உள்ளது, அதற்குள் பேட்டரி. கேபிள் வெளிவரும் இடத்தில் ரப்பர் கிளாண்டு. பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரப் பலகையில் கட்டியிருக்கிறேன். தெர்மோகோல் ஐஸ் பெட்டியில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும், வேண்டாம். டிரம் மேல் ஈரச் சாக்கு ஒன்று போட்டால் போதும்.

மண்டபம் பாசிக் குழு

தம்பி, நாங்கள் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து கப்பாபைகஸ் பாசி வளர்க்கிறோம். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 45 நாளைக்கு ஒரு அறுவடை. மிதவை கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் ஈரப் பாசியை ஏற்றி வள்ளத்தைத் தள்ளி வருவது எவ்வளவு கடினம் என்று தள்ளியவர்களுக்குத்தான் தெரியும். போன வருடம் முதல் சின்ன மின்மோட்டார் வைத்திருக்கிறோம். நாங்கள் பட்டறிந்ததில் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று கழுவுவது. மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். குடம் இத்தனை ரூபாய் என்று தண்ணீர் வாங்கிக் குடிக்கும் ஊரில் எங்கே போவது? முழு மோட்டாரையும் குளிப்பாட்ட வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, பிளக் முனை, புரொப்பல்லர் தண்டு, மடக்கும் கீல் இந்த மூன்று இடத்தில் மட்டும் பீய்ச்சினால் போதும். பிறகு துணியால் துடைத்து, பிளக்கில் வாசலின் தடவிவிடுவோம். பிளக் இன்னும் பளபளப்பாகவே இருக்கிறது.

இரண்டாவது சோலார். 100 வாட் பலகை ஒன்று எங்கள் கொட்டகைக் கூரையில் இருக்கிறது, நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 400 வாட்-அவருக்குக் குறையாமல் ஏறுகிறது. நம் மாவட்டத்து வெயிலை நம்பித்தானே கமுதியில் 648 மெகாவாட் சோலார் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அந்த ஒரு பலகையே ஈடுகட்டிவிடுகிறது. உங்கள் அப்பாவுக்கும் நாலு கிலோமீட்டர்தான் என்றால் வீட்டுக் கரண்டே தேவைப்படாது. ஆனால் பலகையைப் படகில் கட்டாதீர்கள், காற்றில் பாய் மாதிரி தூக்கும், கரையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. சத்தம் இல்லாததால் தண்ணீருக்குள் இருப்பவை பயப்படுவதில்லை. மிதவைக்குப் போகும் வழியில் ஆமை தலை தூக்கி மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கிறது. அதனாலேயே மெதுவாகத்தான் போகிறோம், சத்தமில்லாமல் வேகமாகப் போனால் அதற்கு நாம் வருவதே தெரியாமல் புரொப்பல்லரில் அடிபட்டுவிடும்.

தெற்குக் கடல்

ஏர்வாடிப் பக்கம் நான். பாக் கடல்காரர்களுக்கு இது சரி, அங்கே அலை குறைவு. மன்னார் வளைகுடாப் பக்கம் ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் 1 கிலோவாட்டை நம்பி இறங்காதீர்கள். எதிர்க்காற்றில் 18 அடி வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்கும், மீட்டர் மட்டும் இறங்கும். பாம்பன் பாலத்துக்கு அடியில் நீரோட்டம் பாயும் நேரத்திலும் அதேதான். எங்களுக்கு இன்னும் பெட்ரோல் என்ஜின்தான். மின்மோட்டார் வைப்பவர்கள் துடுப்பையும் கழியையும் வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள், நங்கூரமும் கயிறும் கட்டாயம்.

மோட்டார் மாட்டிய பிறகு மீன்வளத் துறை அலுவலகத்தில் படகுப் பதிவு பற்றியும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

வத்தைக்காரர் மகன் (திருப்பாலைக்குடி)

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இன்வெர்ட்டர் பேட்டரி யோசனையை விட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். படகு பாயில் ஓடும்போது புரொப்பல்லர் சுற்றி பேட்டரி சார்ஜ் ஆகும் மோட்டார் இருக்கிறதாமே, உண்மையா? பேட்டரி தீர்ந்தால் பெட்ரோல் மாதிரி மெல்ல இருமி நிற்குமா, ஒரேயடியாக நின்றுவிடுமா?

பரமக்குடி வைண்டிங்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். ஒரேயடியாக நிற்கும். உள்ளே பிஎம்எஸ் என்று ஒரு சர்க்யூட் இருக்கிறது, ஒரு செல் மிகவும் இறங்கினாலும், ஆம்பியர் எல்லை தாண்டினாலும், சூடு ஏறினாலும் வெட்டிவிடும். வோல்ட் மீட்டரை நம்பவே முடியாது, எல்எஃப்பியில் கடைசி வரை ஒரே மாதிரிதான் காட்டும். ஷன்ட் (ஓடும் ஆம்பியரை அளக்க உதவும் துண்டு) வைத்த ஆம்பியர்-அவர் மீட்டர் ஒன்று போடுங்கள், போனது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று காட்டும். 20 சதவீதத்துக்கு வந்தால் அவ்வளவுதான் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள். பிஎம்எஸ் 60 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் புல் சுற்றும்போதெல்லாம் வெட்டும்.

தொண்டிக் கரை

சார்ஜ் ஏறும் மோட்டார் இருக்கிறது, உண்மைதான். ஆனால் படகு வேகமாக ஓடினால்தான் ஏதாவது ஏறும், அதற்கு மோட்டாரைத் தண்ணீரிலேயே தொங்கவிட வேண்டும், வேகமும் குறையும். நம் அளவு வத்தைக்கு அதற்கென்று காசு கொடுக்க வேண்டாம், அந்தக் காசுக்குச் சோலார் பலகை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை தொண்டிக்கு வாருங்கள் தம்பி, என் மோட்டாரையும் டிரம்மையும் தருகிறேன், ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

வத்தைக்காரர் மகன் (திருப்பாலைக்குடி)

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தொண்டி அண்ணன் கொடுத்ததை மாட்டி ஆறு நாள் ஓட்டினோம். முதல் நாள் நானும் கூடப் போனேன். ஒன்பது மணிக்குக் காற்று சுத்தமாக இல்லை, 4.2 கிலோமீட்டர், 55 நிமிடத்தில் கரைக்கு வந்துவிட்டோம். பேட்டரியின் 50 ஆம்பியர்-அவரில் 12தான் போயிருந்தது. நண்டு எல்லாமே உயிரோடு எடைபோட்டோம். டிரம்மைப் பாய்மரத்துக்குப் பின்னால் அண்ணன் சொன்ன இடத்திலேயே கட்டினோம், பாயில் போகும்போது வத்தை பழையபடியே போகிறது என்று அப்பா தானாகச் சொன்னார், நான் கேட்கவே இல்லை.

நாலாவது நாள் பாதி வழியில் லேசாகக் காற்று எடுத்தது, பாயையும் விரித்து 150 வாட் வைத்துப் பார்த்தார். பாய் பிடித்ததும் மோட்டாரைத் தூக்கி மடக்கிவிட்டு மீதி தூரம் காற்றிலேயே வந்திருக்கிறார், எனக்கு ஃபோன் போட்டு அதை மட்டும் கால் மணி நேரம் சொன்னார். புல் இரண்டு தடவை சுற்றியது, இரண்டு தடவையும் பிளக்கைக் கழற்றிய பிறகுதான் கையை விட்டாராம்.

அப்பா சொல்லும் ஒரே குறை பிராக்கெட். இடது பக்கம் மாட்டினோம், கழி ஊன்றும்போது இடிக்கிறது, அவர் எப்போதும் இடது பக்கம்தான் ஊன்றுவார். வலது பக்கம் மாற்றி இரண்டு அங்குலம் கீழே இறக்கச் சொல்கிறார். நாளைக்கு ஆசாரி வருகிறார். தொண்டி அண்ணே, உங்கள் பிராக்கெட்டின் பலகை கனம் எவ்வளவு என்று மட்டும் அளந்து சொல்லுங்கள், அதே அளவில் தேக்கு வாங்கி வைக்கிறேன்.

தொண்டிக் கரை

ஒன்றரை அங்குலம், தம்பி. ஆணி அடிக்காதீர்கள், துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டு போட்டு, உள்பக்கம் இன்னொரு பலகைத் துண்டு கொடுத்து முறுக்கச் சொல்லுங்கள்.